கதவில் வரைந்த பைன் மரங்கள்

எல்லோருக்கும் தேநீர் வந்தது. டோக்கியோவிலிருந்து வந்த ஓவியக்காரி ஓரியேவுக்கு மட்டும் வரவில்லை.

புத்தர் கோயிலின் விருந்தினர் அறையில் கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேர் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் மூன்று வருஷமாக வரைந்த நான்கு இழுப்புக் கதவுகளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கதவுகளில் கோயில் மலையின் பைன் மரங்கள், நிஜ அளவில். ஒவ்வொரு அடிமரத்திலும் அடுக்கடுக்காக வெட்டுக்காயங்கள்.

இரண்டாம் உலகப் போரின் கடைசி வருஷம், விமானத்துக்கு எண்ணெய் காய்ச்சுவதற்காகப் பிசின் வடித்த வெட்டுகள். மலையில் இன்றும் இருக்கின்றன. ஊரில் அதைப் பற்றி வாய் திறக்கத்தான் ஆளில்லை.

“வர்றவங்க உக்காந்து சாப்பிடற ரூம்ல புண்ணை வரைஞ்சு வெச்சிருக்கு. டோக்கியோக்காரங்களுக்கு இதான் அழகு போல,” என்றார் செயலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள்.

ஓரியேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டுகளை மறைத்துப் பூசிவிட்டால் கதவுகளை இங்கே மாட்டுவார்கள். முடியாது என்றால் இன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுவார்கள். முடியாது என்றுதான் சொல்லப்போகிறாள். கிழவர் வரட்டும், அவர் மூஞ்சிக்கு நேராகவே சொல்லுவாள்.

கிழவர் என்றால் மகோயிச்சி, கமிட்டித் தலைவர். வயது எண்பத்தொன்பது. அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த மரங்களைப் பற்றிக் கேட்க நான்கு முறை அவர் வீட்டுக்குப் போனாள். நான்கு முறையும் மூஞ்சியில் அடிப்பதுபோல் கதவைச் சாத்தினார்.

வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யாருக்கும் தலைகூட அசைக்காமல் நேரே கதவருகே போய், கைத்தடியால் ஒரு வெட்டைத் தட்டினார். கல்லைப் பொடித்துக் குழைத்துப் பூசிய வர்ணம் பாயில் உதிர்ந்தது.

“ஐயோ, தொடாதீங்க!”

“எனக்குச் சொல்ல நீ யாரும்மா? இது பொய். சுத்தப் பொய். இதை மாட்டவே விடமாட்டேன்.”

அப்பாடா என்று யாரோ மூச்சுவிட்டார்கள்.

“வெட்டே இல்லைங்கறீங்களா? வாங்க, மலையேறிப் பாக்கலாம்,” என்றாள்.

“நீ ஏறிப் பாத்தியா? பாத்துட்டுமா இப்படி வரைஞ்சே?”

அவளுக்குச் சுருக்கென்றது.

மலையில் வெட்டுகள் இடுப்புக்கும் கீழே இருக்கின்றன. எந்த ஆம்பிளை இவ்வளவு குனிந்து வெட்டுவான் என்று நினைத்தவள், படம் எடுப்பாக இருக்கட்டுமென்று அவற்றை மார்பளவுக்கு ஏற்றிவிட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது?

மகோயிச்சி தடியைக் கீழே போட்டார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி மண்டியிட்டார். வரைந்த மரத்தின் கீழ்ப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“இங்க. வெட்டினது மூணாங்கிளாஸ் பசங்க நாங்க. இதுக்கு மேல எங்களுக்கு ரம்பம் எட்டாது.”

செயலாளர் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஓரியே கரித்துண்டை எடுத்துக்கொண்டு கிழவர் பக்கத்தில் மண்டியிட்டாள். அவர் கை வைத்த இடத்தில் கோடு போட்டாள். அதே உயரத்தில் அடுத்த மரத்துக்கும் கரியைக் கொண்டுபோனாள்.

அவள் மணிக்கட்டை வெடுக்கென்று தட்டிவிட்டார்.

“அங்க இல்லை, இன்னும் கீழ. அது தமோட்சு வெட்டினது. அவன் என்னைவிடக் குள்ளம்.”