ஒடிந்த கை

உப்பள முதலாளிக்கு நான் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி. மகள் ஜெனிதாவும் என்னோடு உப்பு வாரித்தான் அதைக் கழிக்கவேண்டும்.

அவளுக்கு டிசைன் படிக்க இரண்டு காலேஜில் இடம் கிடைத்தது. பக்கத்திலிருக்கும் பாண்டியில் பாதி உதவித்தொகைதான், ஆனால் படிப்பு லேசு, சாயங்காலம் உப்பு வாரலாம். மெட்ராசில் முழு உதவித்தொகை, ஆனால் ராத்திரிவரை படிப்பு, அங்கேயே தங்கவேண்டும்.

"மெட்ராசுக்குத்தான் அனுப்புறேன்" என்று உப்பளத்தில் வேலை வாங்கும் மேஸ்திரியிடம் சொன்னேன்.

"அப்போ உப்ப உங்கப்பனாடா வாருவான்?" மேஸ்திரி எல்லார் எதிரிலும் என் கன்னத்தில் அறைந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதலாளி என் ஒடிந்த கையைப் பார்த்து நடுங்கினார். "மேஸ்திரி இப்டி அடிப்பான்னு நெனைக்கலப்பா. போலீசு வேணாம். கடன் தீந்துச்சு, பொண்ண அனுப்பு."

அவர் போனதும் மனைவி ஆனந்தம்மாள் அழுதாள். "ரொம்ப வலிக்குதாங்க?"

"மேஸ்திரி அறஞ்சது வலிக்கல. ராத்திரி வீட்டுல நீ உப்பு வார்ற பலகைக் காம்பால கையில ரெண்டாந்தரம் போட்டியே, அதான்."

"மொத அடியில ஒடையலியே, நான் என்னாங்க பண்ணுவேன்?"