அடைப்பு எடுப்பவர்

காலை வெயில் கழிப்பறையின் சின்ன ஜன்னல் வழியாக நுழைந்து, குழாய் ரிப்பேர்காரரின் வழுக்கைத் தலையில் உட்காருகிறது. அவர் குனிந்து பார்க்கிறார். இன்றும் மலம் பென்சில் மாதிரி மெலிசாகத்தான் போயிருக்கிறது. ஒரு மாதமாக இதே கதை. அடுத்தவர் வீட்டில் தண்ணீர் மெலிசாக வந்தால், "உள்ள ஏதோ அடைச்சிருக்கு, கண்டதையும் ஊத்தாம உடனே என்னைக் கூப்பிடுங்க" என்று அதட்டுகிற மனுஷர்தான். தன் வயிற்றுக்குள் மட்டும் பேதி மருந்து, கஷாயம், விளக்கெண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டார். இடுப்பில் கால்சட்டை தொளதொளவென்று நழுவுகிறது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அசதியோடு சுவரில் சாய்கிறார். வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

"உள்ள குடித்தனமே நடத்துறீங்களா? மத்தவங்களும் போகணும்ல!" மனைவி கதவைத் தட்டுகிறாள். அவர் தாழ்ப்பாளை விலக்குகிறார்.

"ஒரு மாசமா மெலிசாத்தான் போகுது. இன்னிக்கு ரத்தமும் தெரியுது" என்கிறார், தரையைப் பார்த்தபடி.

அவள் முகத்திலிருந்த சிடுசிடுப்பு அப்படியே வடிகிறது. "சட்டையைப் போடுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"ஒரு வீட்ல வேலை ஒத்துக்கிட்டேனே."

"அவங்க ஒரு நாள் பொறுத்துப்பாங்க."

"இதையெல்லாம் எப்படி வாய்விட்டுச் சொல்றது?"

"நான் சொல்றேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து தலையை ஆட்டினா போதும்."

அவர் இப்போதே ஆட்டத் தொடங்குகிறார்.