அம்மாவுடன் பிறந்தவர்கள்

டாக்டர் வெள்ளைத்தாளில் வட்டங்களும் சதுரங்களும் வரைந்துகொண்டிருந்தார். பெண் என்றால் வட்டம். ஆண் என்றால் சதுரம்.

அடியில் இருந்த சதுரத்தைப் பேனாவால் கருப்பாக்கினார். அது அவளுடைய மகன் எழிலன். ஒன்பது வயது. இன்னும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியதில்லை.

எக்ஸ் குரோமோசோமில் கோளாறாம். பெண்கள் வெளியே தெரியாமல் சுமப்பார்களாம். அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளிடம் அது தெரிந்துவிடுமாம்.

தாய்வழி.

ஒன்பது வருடமாக அவள் கேட்டது வேறு. வயிற்றுப்பிள்ளையோடு கிரகண நேரத்தில் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள், அதனால்தான் பிள்ளை இப்படி. மாமியார் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா தலையாட்டுவாள்.

"அம்மாகூடப் பிறந்த ஆண்கள்?" என்றார் டாக்டர்.

"ஆம்பளப் பிள்ளையே கிடையாது டாக்டர். நாங்க மூணும் பொண்ணு."

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா பட்டென்று சொன்னாள்.

டாக்டர் மூன்று வட்டங்கள் போட்டார். பிறகு எழிலனின் கையைத் திருப்பிப் பார்த்தார். புறங்கை காய்த்துப்போயிருந்தது. சந்தோஷம் வந்தால் கடிப்பான்.

அவள் இந்தக் கையை வேறு எங்கோ பார்த்திருக்கிறாள்.

தாத்தா வீட்டுத் தொழுவம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சீனி. நீளக் காது. லீவுக்கு அவள் போய் இறங்கியதும் குதித்துக் குதித்துப் புறங்கையைக் கடிப்பார். வேலையாள் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குச் சோறு தொழுவத்துக்கே போகும்.

"சீனி யாரும்மா?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"கேக்கேன்ல. யாரு?"

"என் தம்பிதான். வெளிய சொன்னா உங்க ரெண்டு பேரையும் எவன் கட்டுவான்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டாள். தாள் கிழியும்வரை கருப்பாக்கினாள்.

டாக்டர் அவளுடைய வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இவங்களுக்கும் பார்க்கணும்மா."

தங்கை. இது நாலாம் மாதம். முதல் பிள்ளை.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "அவகிட்ட ஒண்ணும் பேசாத. உன் காலப் பிடிச்சுக் கேக்கேன்."

உதறிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். தங்கையாவது தப்பிக்கட்டும். போன் போட்டாள்.

தங்கை எடுத்தாள்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்கோ. தாத்தா வீட்டுச் சீனி வேலையாள் இல்ல. நம்ம தாய்மாமா. எழிலனுக்கு வந்தது அந்த வழிதான். நீ இன்னைக்கே போய் ரத்தம் குடுத்து டெஸ்ட் எடு."

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏட்டி, கேக்குதா?"

"அம்மா கடைசில உன்கிட்டயும் சொல்லிட்டாளாக்கா?" என்றாள் தங்கை. "கல்யாணத்துக்கு முந்தியே என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுத்துட்டா. நீ பயப்படாத. எனக்கு ஒண்ணுமில்ல."