ஒன்பது பதினான்கு

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தானே ஓடும் காரைச் சோதிக்கும் வேலை டாரலுக்கு. கார் தவறினால் பிரேக்கை மிதிக்க வேண்டும். எட்டு மாதமாக அதற்குத் தேவையே வரவில்லை. ஒரு நாள் காலை ஒன்பது பதினான்குக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்த பெண்ணைக் கார் கவனிக்கவில்லை. டாரல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிழைக்கவில்லை.

சில நாள் கழித்து, விசாரணை அதிகாரி தன் அறையில் காரின் கணினிப் பதிவுத்தாளை நீட்டினார்.

“வண்டி பக்கத்துக் கொட்டகையில பூட்டிக் கிடக்கு. பேட்டரியும் கழட்டியாச்சு. ஆனா தினம் காலைல ஒன்பது பதினாலுக்கு நீ பிரேக் போட்டதா பதிவாகுது. எப்படிப்பா?”

“அன்னைக்கு பதிவாகலையா சார்?”

“அன்னைக்கு மட்டும் பதிவாகல.”

தினமும் காபி குடிக்கையில், அதே நேரத்துக்குத் தன் வலது கால் தரையை ஓங்கி மிதிப்பதை டாரல் சொல்லவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பதினான்கு ஆனது. மேஜைக்கடியில் அவன் கால் அழுந்தியது. பூட்டிய கொட்டகைக்குள் டயர்கள் கிறீச்சிட்டு நின்றன. பிறகு, யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிதானமாகக் கடந்துபோகும் சத்தம் கேட்டது.