47-இல் முடியும் எண்

2024 மார்ச் 6, புதன்கிழமை. அருப்புக்கோட்டை. காலை பதினொன்று நாற்பதுக்கு அவளுடைய ஆரி எம்பிராய்டரி இணையப் பக்கத்தில் யாரோ போட்ட கறுப்புக் கண்ணாடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

மொத்த ஆர்டர் என்று மெயிலில் வந்த கோப்பு ஒன்றைத் திறந்திருந்தாள். அவ்வளவுதான்.

எட்டு வருட பிளவுஸ்கள். ஆயிரத்துச் சொச்சம் படங்கள். எல்லாம் யாரோ ஒருவன் கையில்.

கம்ப்யூட்டர் கடை சேவியர் வந்து வைரஸை எடுத்துவிட்டுத் திரையைக் காட்டினார். திருடியவன் கடவுச்சொல்லை மட்டும்தான் மாற்றியிருந்தான். பக்கத்தை மீட்க ஆறு இலக்கக் குறியீடு வேண்டும். அது 47-இல் முடியும் ஓர் எண்ணுக்குப் போயிருந்தது.

அதற்கு முன்னால் வரும் எட்டு இலக்கங்களும் அவளுக்கு மனப்பாடம்.

கணவனுடைய எண். பக்கத்தைத் தொடங்கித் தந்தவன் அவன். நான்கு வருடத்துக்கு முன் அவள் பெட்டியோடு படி இறங்கியபோது கேட்டான்: "நான் இல்லாம ஒரு மெயில் அனுப்பத் தெரியுமாடி உனக்கு?"

"ஒரு போன் போட்டு அந்த ஆறு நம்பரைக் கேளும்மா. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் சேவியர்.

"வேற வழி சொல்லுங்கண்ணே."

"இருக்கு. கம்பெனிக்காரனுக்கு எழுதணும். பக்கம் ஆரம்பிச்ச தேதி கேப்பான். படமெல்லாம் உன்னோடதுன்னு ருசு கேப்பான். எங்க போவ அதுக்கு?"

அவள் இரும்புப் பெட்டியைத் திறந்தாள்.

டிரேசிங் தாள்கள். பிளவுஸுக்கு ஒன்று. கோடு நெடுக ஊசித் துளைகள். ஓரத்தில் பென்சிலில் தேதி. டிசைன் வரைந்த அன்றே எழுதிவிடுவது அவள் வழக்கம்.

முதல் தாளில் மயில். 14.6.2016. பக்கம் தொடங்கியதும் அன்றுதான்.

கூடம் முழுக்க நாற்பது தாள்களைப் பரப்பிப் படமெடுத்தாள். படிவத்தை ஒற்றை விரலால் தட்டி நிரப்பினாள்.

போதாது என்று பதில் வந்தது.

இன்னும் அறுபது தாள் அனுப்பினாள்.

சனிக்கிழமை மதியம் பக்கம் திரும்பி வந்தது.

கண்ணாடி விளம்பரங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். மீட்பு எண் என்ற இடத்தில் தன் எண்ணைப் போட்டாள். பழைய எண்ணுக்கு அறிவிப்பு போகும் என்றது திரை.

சரி என்பதை அழுத்தினாள்.

நான்கு நிமிடத்தில் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 47.

"புதன்கிழமையே அந்த ஆறு நம்பர் கோட் வந்துச்சு. நீயே கேப்பேன்னு இருந்தேன்."

இரண்டு முறை படித்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். புதுத் தாள் ஒன்றை விரித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

9.3.2024.