மாமன் வீட்டு மூக்கு

பூத்தட்டை மாமா என் பக்கம் நகர்த்தியதும் சொல்லிவிட்டேன்.

“எனக்கு லிங்கேஷ் அத்தானப் பிடிக்கல மாமா. அந்த மூக்கப் பாத்துக்கிட்டு ஆயுசு பூரா இருக்க முடியாது.”

அது மாமாவின் மூக்கும்தான். துரைப்பாண்டி மாமா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாசுதேவநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்த சனம் அவர் மூக்கையே பார்த்தது. தட்டு நிறைய எங்கள் சங்கரன்கோவில் சந்தைப் பூ. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

லிங்கேஷ் பேசி வைத்தபடி தலையைத் தொங்கப் போட்டான். கொஞ்சம் அதிகமாகவே நடித்தான்.

போன மாதம் நாங்கள் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். என் தங்கை காவியாவைப் பார்க்கும் டாக்டர் சொல்லித்தான் போனோம்.

இரண்டு பேருக்கும் ஒரே மரபணுவில் ஒரே பிழை. எங்களை அது ஒன்றும் செய்யாது. நாங்கள் கட்டிக்கொண்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காவியாவின் வலிப்பு வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

காவியாவுக்குப் பதினாலு வயதில் கை உதற ஆரம்பித்தது. பிறகு வலிப்பு. இப்போது பத்தொன்பது. பேச்சு போய், படுக்கையில் கிடக்கிறாள். நாய் துரத்திப் பயந்ததில் வந்தது என்று அம்மா கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். கட்டினால் அவளைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டியவர்.

நான் உண்மைக் காரணத்தைச் சொன்னால் அம்மாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிடும், காவியாவின் நோய் தங்கள் இருவர் ரத்தத்திலிருந்தும் வந்தது என்று. அதை அம்மா தாங்க மாட்டாள்.

ஊர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லட்டும். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வேன் கிளம்பிப் போனது. பெருமையாகத்தான் இருந்தது. ஓரிடத்தில்கூட என் குரல் நடுங்கவில்லை.

உள்ளறையில் அம்மா காவியாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, அப்பா தெருவில்தான் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“நீ சொல்லலைன்னா நானே வேண்டாம்னு சொல்லிருப்பேன் மக்கா. டாக்டர் எங்கிட்ட என்னைக்கோ எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உங்க அப்பா காதுக்கு மட்டும் போயிரக் கூடாது.”