அபூர்வக் கட்டிக்கு ஒரு டீ

திசுப் பரிசோதனைக்கூடம் இழவு வீடு மாதிரி இருக்கும் என்று உலகம் நம்புகிறது. இது பெரும் பிழை. உடனடியாகத் திருத்தப்பட வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே அதிகம் சிரிப்பு கேட்கும் இடம் அதுதான். நோயாளி அங்கே வருவதில்லை. அவர் உடம்பின் கடுகளவுத் துண்டு மட்டுமே வருகிறது.

அந்தக் கலகலப்புக்குத் திருஷ்டிப் பொட்டு கவுன்ட்டர் அக்கா. கண்ணாடிச் சன்னலில் எப்போதும் திரை. யாராவது தட்டினால் ஒரு சாண் விலக்கி, "வார்டு டாக்டரைக் கேளுங்க" என்பார். மறுபடி திரை.

புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"வெளியே நிக்கிறவங்க என்ன திருடங்களாக்கா? ஒரு அம்மா ஒன்பது நாளா பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்காரருக்கு இரைப்பையில கட்டி. நாம வேலை செய்யறதையாவது பார்க்கட்டுமே."

"பார்த்து என்னம்மா ஆகப்போகுது?"

"மனசுக்கு ஒரு தெம்பு."

சின்ன டாக்டரே எழுந்து திரையை ஓரம் வரை தள்ளினார். பெஞ்சில் இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அந்த இரைப்பைத் துண்டின் கடைசி சிலைடு வந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்த சின்ன டாக்டர் வெகுநேரம் நிமிரவில்லை.

"சார், ஓடி வாங்க! ஒவ்வொரு செல்லிலயும் நியூக்ளியஸ் ஓரமா ஒதுங்கியிருக்கு. பக்கத்துல இளஞ்சிவப்பா ஒரு உருண்டை. இருக்க வேண்டிய புரதத்தையே காணோம்."

பெரிய டாக்டர் பார்த்தார். "ராப்டாய்டு! பேருதான் தசைக் கட்டி மாதிரி, தசையே கிடையாது. அதுவும் இரைப்பையில! முப்பது வருஷத்துல நான் பார்த்தது ஒண்ணே ஒண்ணு. எமகாதகக் கட்டிம்மா இது. மாசக் கணக்குலகூட அவகாசம் தராது."

அபூர்வமானதைக் கண்டுபிடித்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அந்த அறையின் எழுதாத சட்டம். டெக்னீஷியன் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"வெறும் டீயோட தப்பிக்கலாம்னு பார்க்காதீங்க டாக்டர், பிஸ்கட்டும் வேணும்!"

பெரிய டாக்டர் கை குலுக்கினார். பெஞ்சு அம்மாவின் கணவருடைய நீல ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி சின்ன டாக்டர் வாய்கொள்ளாமல் சிரித்தார்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பெஞ்சு அம்மா. கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா சன்னலைத் திறந்தார்.

"எங்க வீட்டுக்காரரோட ஃபைல்தானே அது? நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, இங்க சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கைதட்டினதைப் பார்த்தேன், அது போதும். எல்லாரும் நல்லா இருக்கணும்!"

சின்ன டாக்டர் சன்னலுக்கு வருவதற்குள் அந்த அம்மா மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார்.

அக்கா திரையை இழுத்து மூடினார்.

"நீங்கள்லாம் சிரிக்காம இந்த வேலையைச் செய்ய முடியாதும்மா. அது எனக்குப் புரியும். அவங்களுக்குப் புரியணுமே. அதுக்குத்தான் இருபது வருஷமா திட்டு வாங்கிட்டு இதை மூடியே வச்சிருக்கேன்."

"நானே போய்ச் சொல்லிடறேன் சார்."

"சர்ஜன் சாயங்காலம் சொல்வாரே."

"அதுவரைக்கும் அவங்க நம்பிக்கிட்டே இருப்பாங்க. தப்பு என்னோடது."

சின்ன டாக்டர் மாடியேறினார். வார்டு வாசலில் நர்ஸ் குறுக்கே கை நீட்டினார்.

"எதுவா இருந்தாலும் பத்து நிமிஷம் பொறுங்க டாக்டர். மூணு வாரமா தட்டைத் தொட மாட்டேன்னு அடம் பிடிச்ச மனுஷன், இன்னைக்குத்தான் எழுந்து உட்கார்ந்து சாப்பிடறார்."

சின்ன டாக்டர் வாசலிலேயே நின்றார்.

உள்ளே கணவர் தன் மனைவியிடம் இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.